காற்றை நம்பிய ஓடம்

ரப்பர் படகு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வெள்ளமே. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னை மாநகரம் நீரில் மூழ்கியபோது, மாடிகளில் தவித்து நின்ற நம் உற்றார் பலரைக் கரை சேர்த்தவை அப்படகுகள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெல்லந்தூரும் எமலூரும் வெள்ளக்காடான வேளையில், நாம் வாழும் இப் பெங்களூரிலும் அதே காட்சியைக் கண்டோம். இப்பொழுதோ அப்படகு, ஆபத்துக் காலத்துக் கருவி என்னும் நிலையைக் கடந்து, விடுமுறை நாளின் பொழுதுபோக்குப் பொருளாகவும் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது. கைப்பேசியில் விரலால் ஒரு முறை தொட்டால் போதும்; மடித்த பாய் போன்ற ஒரு பொதி, சில நாட்களில் விவேக் நகரின் எந்தச் சந்துக்குள்ளும் வந்து இறங்கிவிடுகிறது.

நம் பகுதியிலும், அடுத்துள்ள ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா முதலிய இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவை. விடுமுறைக்கு ஊர் செல்லும் இளைஞர்கள் மேட்டூரையும், கிருஷ்ணகிரி அணையையும், காவிரிக் கரையையும் நாடுவது இயல்பு. தூண்டில் போட்டு மீன் பிடிப்பது பொறுமையையும் கூர்ந்த கவனத்தையும் வளர்க்கும் நல்ல பொழுதுபோக்கு. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் நாம் வந்த ஊர்களுட் பல வானம் பார்த்த பூமி. கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகிய தலைமுறை வேறு; நகரத்து ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் தலைமுறை வேறு. நீந்தத் தெரியாத ஒரு மகன், தானே சம்பாதித்த முதற் பணத்தில் ஒரு படகை வாங்கி, நண்பர் இருவரை ஏற்றிக்கொண்டு ஆழ நீருக்குச் செல்லும் நிலை இன்று எந்த வீட்டிலும் நேரக்கூடும்.

ஆதலின் இக்கட்டுரையின் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். படகு மிதக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. படகு இல்லாமற் போனால் நாம் மிதப்போமா என்பதே முதற் கேள்வி. இம்முறையை மாற்றி, படகை முதலிலும் பாதுகாப்பைப் பின்னரும் எண்ணுவதே துன்பங்களுக்கு வித்தாகிறது.

பழமையும் புதுமையும்

காற்றின் துணைகொண்டு நீரைக் கடப்பது புதிய வித்தையன்று. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியச் சிற்பங்களில், காற்றடைத்த ஆட்டுத் தோலைத் தழுவி ஆற்றைக் கடக்கும் வீரர்களைக் காணலாம். நிம்ரூதில் கிடைத்த அச்சிற்பங்கள் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் நாட்டிலும் இமயமலை அடிவாரத்துச் சட்லெஜ் நதியை மக்கள் காற்றடைத்த எருமைத் தோலின்மேல் படுத்துக் கடந்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹால்கெட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி, மேலங்கியாக அணிந்துகொள்ளவும், காற்றை ஊதிப் படகாக மாற்றவும் கூடிய ரப்பர் பூசிய துணி ஓடத்தை அமைத்தார். இன்று நாம் வாங்கும் படகுக்கு அது பாட்டன் முறை எனலாம்.

நமக்கோ தெப்பமும், புணையும், கட்டுமரமும், பரிசலும் வழிவழி வந்த செல்வங்கள். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, முன்பு தோலும் இன்று தாரும் பிளாஸ்டிக் படுதாவும் கொண்டு மூடப்படும் பரிசல், ஒகேனக்கலிலும் மேட்டூரிலும் இன்றளவும் உழைத்து வருகிறது. கன்னட நாட்டார் அதனையே ஹரிகோலு என்கின்றனர். பரிசலுக்கும் ரப்பர் படகுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் இலேசானவை; இரண்டுக்கும் அடியில் நீரைப் பற்றி நிற்கும் கட்டை இல்லை; ஆகவே காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் செல்பவை. ஆனால் பரிசலைச் செலுத்துபவர், அந்த நீரில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் படகைச் செலுத்துபவரோ பெரும்பாலும் அன்றுதான் துடுப்பைக் கையில் எடுத்தவர். பொருள் ஒன்று போலிருப்பினும் பயிற்சி ஒன்றன்று என்பதை நாம் மறத்தலாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டுவன

வெள்ளத்தில் கண்ட மீட்புப் படகும், கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் படகும் பெயரால் ஒன்று, தன்மையால் வேறு. குழந்தைகள் குளத்தில் விளையாடுவதற்கென மெல்லிய பிளாஸ்டிக் தாளால் செய்யப்படும் படகு, தூண்டில் முள் ஒன்று பட்டாலே கிழியும். மீன் பிடிக்கச் செல்வோர்க்கு உகந்தது, உள்ளே உறுதியான நூல்துணி வைத்து இருபுறமும் பி.வி.சி. பூசிய தடித்த துணியாலான படகு. இதனினும் உயர்ந்தது ஹைபலான் என வழங்கும் செயற்கை ரப்பர் வகை. வெயிலையும் எண்ணெய்ப் பசையையும் நெடுநாள் தாங்கும். விலையும் அதற்கேற்ப மிகும். கடைக்காரர் இத்துணியின் தடிமனைச் சொல்ல இயலாதவராயின், அல்லது பெட்டியின்மேல் அது குறிக்கப்படவில்லையாயின், அப்படகை வாங்காதிருப்பதே நன்று.

இரண்டாவதாக, படகின் காற்று அறைகளை எண்ண வேண்டும். ஒரே அறையால் ஆன படகு, ஒரே துளையில் முடிந்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத அறைகள் இரண்டேனும், மூன்றாயின் மிகவும் நன்று, இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அவ்வால்வு, மூடியைக் கழற்றினாலும் காற்று திரும்பி வெளியேறாத வகையைச் சேர்ந்ததா என்பதையும் சோதித்தல் வேண்டும். துணி கூடுமிடத்து மூட்டுகள் வெப்பத்தால் இணைக்கப்பட்டனவா, பசையால் ஒட்டப்பட்டனவா என்று கேட்டறிக. பசை மூட்டு, நம் நாட்டு வெயிலில் சில ஆண்டுகளில் நெகிழக்கூடும்.

மூன்றாவது, படகின்மேல் பதித்திருக்கும் கொள்ளளவுத் தகடு. எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு காற்றழுத்தம் என்பனவற்றை அது தெரிவிக்கும். காற்றடைத்த படகுகளுக்கென ஐ.எஸ்.ஓ. 6185 என்னும் சர்வதேசத் தரவிதி ஒன்று உண்டு. அவ்வெண் குறிக்கப்பட்ட படகைத் தேடிப் பெறுவது பணத்துக்கும் உயிருக்கும் காவல். இத்தகடே இல்லாத படகை, விலை எவ்வளவு குறைவாயினும், ஒதுக்கிவிடுக.

தகட்டில் குறித்த எடை அனைத்தையும் ஏற்றலாமா என்று கேட்பின், கூடாது என்பதே விடை. இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகைச் சுற்றிவரும் குழாயின் குறுக்களவு 30 செ.மீ. என்றும், அதன் மொத்த நீளம் 5 மீட்டர் என்றும் கொள்வோம். அதனுள் அடங்கும் காற்று ஏறத்தாழ 350 லிட்டர். ஒரு லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்ட காற்று, நீரில் ஒரு கிலோ பளுவைத் தாங்கும். ஆகவே முழுப் படகு 350 கிலோவைத் தாங்கும் என்று காகிதத்தில் தெரிகிறது. இரண்டு சம அறைகளுள் ஒன்று கிழிந்தால் எஞ்சுவது 175 கிலோ. ஆள் ஒருவர் 70 கிலோ வீதம் இருவர், சாமான் 15 கிலோ, படகின் எடை 15 கிலோ என்று கூட்டினால் 170 வருகிறது. இருவர் ஏறிய அப்படகு கிழிந்த நிலையில் விளிம்புவரை நீரில் அமிழ்ந்து, தட்டுத் தடுமாறியேனும் கரை சேரும். மூன்றாமவர் ஒருவர் ஏறியிருந்தால் கணக்கு 240, படகு மூழ்கிவிடும். எனவே தகட்டில் குறித்ததிற் பாதியே நமக்கு உரிய பாரம் என்று கொள்வதே அறிவுடைமை.

இக்கணக்கை ஏட்டுக் கணக்கென்று எண்ணிவிட வேண்டா. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7-ஆம் நாள் கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து மாண்டவரும் 22 பேரே. அவை ரப்பர் படகுகள் அல்ல. எனினும் அளவுக்கு மீறி ஆளேற்றுதல் என்னும் பழக்கம் எவ்வகைப் படகுக்கும் ஒன்றே. "இன்னும் ஒருவர்தானே, நெருங்கி உட்காருங்கள்" என்று பேருந்தில் சொல்லிப் பழகிய நாம், அச்சொல்லை நீர்மேல் சொல்லலாகாது.

படகுக்கு முன் சட்டை

படகு வாங்க எடுத்து வைத்த பணத்தில், முதற் செலவு ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டைக்கே ஆக வேண்டும். லைஃப் ஜாக்கெட் என்று ஒகேனக்கல் பரிசல் துறையில் வழங்குவது இதுவே. இதன் மிதப்பாற்றலை நியூட்டன் என்னும் அளவையால் குறிப்பர். 50 நியூட்டன் என்பது நீரில் ஏறத்தாழ 5 கிலோவைத் தாங்குவது. நீந்தத் தெரிந்தவர்க்குக் கரையோரத்தில் துணை புரியும். நீந்தத் தெரியாதார்க்கு 100 நியூட்டன் வேண்டும். மனித உடல் தன் அளவில் நீரோடு ஏறத்தாழ ஒத்த அடர்த்தி உடையது. தலையை மட்டும் நீருக்கு மேல் நிறுத்தவே இந்தச் சில கிலோ மிதப்பு தேவைப்படுகிறது. அது சிறிதாகத் தோன்றினும், களைத்துப்போன ஒருவரின் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது அதுவே.

சட்டையை இடுப்புவரை இறுக்கி, கால்களுக்கு இடையே வரும் வார் இருப்பின் அதனையும் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுக்கு மேல் ஏறிவருமாயின் அது நமக்குப் பெரிது. பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு அணிவித்தல் ஆபத்து. நீரில் குழந்தை கீழேயும் சட்டை மேலேயுமாகப் பிரிந்துவிடும். வெயிலாக இருக்கிறதென்று கழற்றி இருக்கையாகப் போட்டுக்கொள்வோரும் உளர். விழும்போது எவரும் முன்னறிவிப்புக் கொடுத்து விழுவதில்லை. சட்டையோடு கழுத்தில் ஒரு விசிலும் தொங்கட்டும். நீர்ப்பரப்பில் கூக்குரல் காற்றில் கரைந்துபோம். விசில் ஒலி கரையை எட்டும். லாரி டியூபும், வெற்றுத் தண்ணீர் கேனும் இச்சட்டைக்கு மாற்று ஆகா. கை நழுவினால் அவையும் போயின.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவற்றுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடிய சாவுகளே. நகரத்து நீச்சல் குளங்களில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குவதும், நாற்பதைக் கடந்த பெற்றோர் தாமும் சேர்ந்து பழகுவதும், படகு வாங்குவதற்கு முந்திய கடமை. பெண்பிள்ளைகளையும் இதில் விலக்குதல் கூடாது. கரையில் நிற்கும் தாயும் தங்கையும் நீந்த அறிந்திருப்பின், குடும்பத்துக்கு அதனினும் பெரிய காவல் வேறில்லை.

காற்றின் கணக்கு

பஞ்சர் கடைக் காற்றழுத்த இயந்திரத்தை ரப்பர் படகுக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. கார் சக்கரத்துக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று தேவை. படகின் குழாய்க்கு வேண்டுவது பெரும்பாலும் 3 பி.எஸ்.ஐ.-க்கு அணித்தான அளவே. மெல்லிய படகுகளுக்கு அதனினும் குறைவு. பத்தில் ஒரு பங்கே தாங்கும் பொருளை அவ்வியந்திரம் நொடியில் வெடிக்கச் செய்துவிடும். படகோடு வரும் கைப்பம்போ மிதிபம்போ போதுமானது. அழுத்தமானி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்க.

இதில் பெங்களூர் வாசிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய தனிச் செய்தி ஒன்றுண்டு. நம் நகரம் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே உள்ளது. மேட்டூர் நீர்த்தேக்கமோ ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டு நிலத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, தாழ்நிலத்தில் மிகுதி. வீட்டு வாயிலிலேயே சரியாகக் காற்றடித்து வண்டிமேல் கட்டிக்கொண்டு போனால், மேட்டூர் சேர்ந்ததும் படகு ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. தளர்ந்து காணும். தளர்ந்த படகு நடுவில் மடியும், துடுப்புக்கு அடங்காது. ஆகவே காற்றை நிரப்ப வேண்டிய இடம் நீர்க்கரையே.

அங்கும் வெயிலை மறத்தலாகாது. அதிகாலைக் குளிர்ச்சியில் நிரப்பிய காற்று, நண்பகலில் மணலின்மேல் கிடந்தால் விரியும். 20 பாகை வெப்பம் ஏறினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அளவு கூடிவிடக்கூடும், மூட்டுகள் பிளப்பது இப்படித்தான். கரையில் இழுத்துப் போட்ட படகை நிழலில் வைக்கவும், சிறிது காற்றை இறக்கி விடவும் பழக வேண்டும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் மீண்டும் தளரும். சற்றுப் பொறுத்து, வேண்டிய அளவு நிரப்பிப் புறப்படுக. புதுப்படகு வந்த அன்றே நீரில் இறக்குதலும் தவறு. வீட்டு மாடியில் நிரப்பி, ஓர் இரவு வைத்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்த பின்னரே அதனை நம்புக.

எந்த நீரில் இறங்குவது?

முதலில், எந்த நீரில் இறங்கலாகாது என்று காண்போம். நம் நகரத்து ஏரிகள் மீன்பிடி உல்லாசத்துக்கு உகந்தவை அல்ல. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பற்றி எரிந்ததை 2015-லும் 2017-லும் நாடே கண்டது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டங் கூட்டமாகச் செத்து மிதந்தன. கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்த மீனைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுப்பது விவேகமாகாது.

காவிரியின் சங்கமம், மேகதாது, முத்தத்தி முதலிய இடங்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் பாறைக்குழிகளும் சுழல்களும் நிறைந்த அந்நீரில் மாண்டவர் பலர். அப்பகுதியின் பெரும்பரப்பு காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். அனுமதியின்றித் தூண்டில் போடுதல் குற்றம். காவிரிக்கே உரிய திமில் மஹசீர் என்னும் பெருமீன், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக 2018-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டது. பேரன் காலத்துக்கு அது எஞ்சுமாறு விட்டுவைப்பது நம் கடன். அந்நீரில் முதலைகள் இருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஓடும் ஆற்றைவிடத் தேங்கிய நீரே ரப்பர் படகுக்கு உரியது. அதிலும் உரிமை பெற்று இறங்குக. அணைகளிலும் பெரிய ஏரிகளிலும் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடமோ, சங்கத்தாரிடமோ, குத்தகைதாரரிடமோ இருக்கும். அவர்களைக் கேட்டு அனுமதி பெறுதல் மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். அந்நீரை நம்பி வயிறு வளர்க்கும் மீனவர் வலைக்கு நடுவே படகை விடுவது அவர் சோற்றில் மண் போடுவதாகும். படகில் இயந்திரம் பொருத்த விழைவோர், உள்நாட்டு நீர்க்கலங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு, ஆய்வு முதலிய கடமைகள் எழும் என்பதை முன்னரே விசாரித்தறிக. தொடக்கத்தில் துடுப்பே போதும்.

தேங்கிய நீரிலும் மறைந்த ஆபத்துகள் உண்டு. 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை நிரம்பியபோது பல ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளித் தோன்றுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். கண்ணுக்குத் தெரியும்போது வேடிக்கையாக இருக்கும் அவை, ஓர் அடி நீருக்குக் கீழே மறைந்திருக்கும்போது படகைக் கிழிக்கும் வாள்கள். பட்ட மரங்களும் வேலிக் கம்பிகளும் அத்தகையனவே. இவற்றின் இடம் உள்ளூர்ப் பரிசல்காரர்க்குத் தெரியும். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அவரிடம் பத்து நிமிடம் பேசுவது, பல புத்தகங்களைப் படிப்பதற்கு நிகர்.

ஆற்றுப் பக்கம் செல்வோர் அன்றைய நாளிதழைப் பார்த்துச் செல்க. ஒகேனக்கலுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று தமிழ் நாளேடுகள் நாள்தோறும் வெளியிடுகின்றன. ஒரு கன அடி என்பது நொடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மிகுந்த நீர். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் மதகு திறந்தால், இங்கே ஒரு துளி மழை இல்லாமலே ஆறு ஏறும். நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிப்பது வழக்கம். அனுபவமுள்ள பரிசல்காரரே இறங்காத நீரில், நாம் இறங்குவது எதற்கு? தடுப்பணைகளின் கீழ்ப்புறம் சிறு வீழ்ச்சியாகத் தோன்றினும், அங்கே நீர் உள்நோக்கிச் சுழன்று, அகப்பட்டதை வெளியே விடாது. அணுகாதிருப்பதே ஒரே வழி.

நீர்மேல் நடந்துகொள்ளும் முறை

புறப்படும் முன், எங்கே செல்கிறோம், எந்நேரம் திரும்புவோம், உடன் வருபவர் யார் என்பதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துச் செல்க. குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி கடந்தால் யாரை அழைப்பது என்பதும் அதில் இருக்கட்டும். தனியே செல்ல வேண்டா. மது அருந்தியவரை, அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், படகில் ஏற்ற வேண்டா.

இவ்வகைப் படகின் பெரும்பகை காற்று. ஆதலின் போகும்போது காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே நம்மைக் கரைக்குத் தள்ளும். காற்றோடு சுகமாகச் சென்றவர், திரும்ப இயலாமல் நடுநீரில் நிற்பர். அலையின் தலையில் வெண்ணுரை காணத் தொடங்கினால் உடனே கரை ஏறுக. ஆனி ஆடி மாதங்களின் மேல்காற்றும், சித்திரை வைகாசி மாலைகளின் இடிமழையும் படகுக்கு ஆகாதவை. இடியோசை கேட்டபின் நீர்மேல் இருத்தல் தற்கொலைக்கு ஒப்பு. விடியற்காலையே உகந்த நேரம்.

படகினுள் நிற்றல் கூடாது. ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைத்து, உடனே அமர்ந்துவிட வேண்டும். பெருமீன் சிக்கினால் ஆர்வத்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது கவிழ்வதற்குக் காரணமாகும். தூண்டில் பிடித்தவர் இழுக்கட்டும், மற்றவர் தம் இடத்தில் இருக்கட்டும். தூண்டில் முட்களைத் தக்கையில் குத்தி மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். கத்தி உறையோடு இருக்கட்டும். கெளுத்தியின் முள்ளும் படகைத் துளைக்கும். பிடித்த மீனை வாளியில் இடுக. நங்கூரமாகக் கூரிய இரும்பைக் கட்டாமல், மணல் நிரப்பிய பையைக் கட்டுவது பழுதற்றது. ஓடும் நீரில் நங்கூரம் போடவே கூடாது. கயிறு இறுகிப் படகை நீருக்குள் இழுத்துவிடும். உதிரித் துடுப்பு ஒன்று, பம்ப், ஒட்டுத் துணியும் பசையும், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் புகாத பையில் கைப்பேசி, குடிநீர் ஆகியவை இல்லாமல் கரையை விட்டு நகர வேண்டா.

படகு கிழிந்தாலோ கவிழ்ந்தாலோ, அதனை விட்டு நீந்த முயல வேண்டா. எஞ்சிய அறை மிதக்கும். அதைப் பற்றிக்கொண்டு விசில் ஊதுக. கரையிலிருந்து ஆளைவிடப் பெரிதாகத் தெரிவது படகே. தேடி வருவோர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுவே.

மூழ்குகிறவரைக் கண்டால் பாய்ந்து குதிப்பதே வீரம் என்று நாம் எண்ணுகிறோம். ஒருவரைக் காக்கச் சென்ற மூவர் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். கயிற்றை வீசுக, கழியை நீட்டுக, புடவையை முறுக்கி எறிக, மிதக்கும் பொருள் எதையும் தள்ளிவிடுக, 112 என்னும் எண்ணை அழைக்கவும். கரை சேர்த்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் காணும் பழக்கங்கள். இரண்டும் கேடு விளைப்பவை. பொன்னான நேரம் அதில் போகிறது. மூச்சில்லையாயின் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சை ஊதுக. பின்னர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்னும் வேகத்தில் அழுத்துக. 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்க. மீண்டு எழுந்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் அவசியம். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி கழித்தும் துன்பம் தரும்.

வீடு திரும்பிய பின், படகை நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, முற்றும் காய்ந்த பின் தளர்வாகச் சுருட்டி வைக்கவும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். எலி உள்ள பரணில் வைத்தால் அடுத்த பயணத்துக்குள் ஓட்டை விழும்.

அன்பர்களே! கூலி வேலையானாலும் கணினி வேலையானாலும், ஊரை விட்டு வந்து இம்மாநகரில் நாம் கட்டிய வாழ்வு பலருடைய உழைப்பால் ஆனது. ஒரு வீட்டில் ஒருவர் குறைந்தால், இங்கே ஓர் அடுப்பும் ஊரில் ஓர் அடுப்பும் ஒருங்கே அணையும். ஆகவே உங்கள் இல்லத்துப் பிள்ளை படகு வாங்கப் போவதாகச் சொன்னால், வேண்டாமென்று தடுத்து அவன் ஒளித்துச் செல்லும்படி செய்யாதீர்கள். "சட்டை எத்தனை வாங்கினாய்? அறை எத்தனை? எத்தனை பேர் போகிறீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்குக்கும் தெளிவான விடை வருமாயின் மகிழ்ந்து வழியனுப்புங்கள். விடை வராதாயின், அவை வரும் வரையில் படகு பரண்மேல் கிடக்கட்டும், மீன்கள் காத்திருக்கும்.